லெனாட் பூட்டிவிட்டுப் போன இயந்திரம்

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஷெரோன் குருநகர் இறங்குதுறைக்குப் பக்கத்திலுள்ள மீனவர் சங்கக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது, யோசப்பின் அங்கே சுவர்த் திரையைப் பார்த்தபடி நின்றாள். திரையில் நாற்பத்துமூன்று வள்ளங்களின் பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. நாற்பத்திரண்டு விளக்குகள் பச்சை. யோசப்பினின் கணவன் கிறிஸ்ரோபரின் வள்ளத்துக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை பின்னேரத்திலிருந்து சிவப்பு.

அந்தத் திரையை உண்டாக்கியவன் ஷெரோனின் அண்ணன் லெனாட். ஒவ்வொரு வள்ளத்திலும் இருக்கைப் பலகைக்குக் கீழே சவர்க்காரக் கட்டியளவு பெட்டியொன்றைப் பொருத்திப் பூட்டியிருந்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பெட்டி, தான் நிற்கும் இடத்தைக் கைத்தொலைபேசி அலைவரிசையில் மும்பாயில் ஓடும் ஒரு வாடகைக் கணினி இயந்திரத்துக்கு அனுப்பும். இயந்திரம் இடத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டு, 'பெட்டியிலிருந்து சத்தம் வருகிறது, வரவில்லை' என்பதை மட்டும் விளக்காகத் திரையில் காட்டும்.

ஏன் இடத்தைக் காட்டுவதில்லை என்று வெளியூர்க்காரர் கேட்கக்கூடும். குருநகரில் யாரும் கேட்கமாட்டார்கள். கடலுக்கடியில் மீன் கூடும் கற்பாறைத் திட்டுக்கு அங்கே 'பார்' என்று பெயர். நல்ல பார் ஒன்றைக் கண்டவன் அதை அடுத்த வள்ளக்காரனுக்குச் சொல்வதில்லை. கேட்டால் வேறு திசையைக் கைகாட்டுவான். அதைப் பொய்யென்று அங்கே ஒருவரும் எண்ணுவதுமில்லை.

"எனக்கு எழுவைதீவுக்கு மேற்கை எண்டு சொன்னவர்," என்றாள் யோசப்பின். "நான் அதைத்தான் நேவிக்குச் சொன்னன்."

"எனக்கு நெடுந்தீவுப் பக்கம் எண்டவன்," என்றார் சங்கத் தலைவர் சந்தியோகு. அறுபது வயது. இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். "உவங்கள் மனிசிமாருக்கே இடம் சொல்லாத ஆக்கள். மெசினுக்குச் சொல்லுவாங்களோ எண்டு அப்பவே கேட்டனான்."

இரண்டு நாட்களாகக் கடற்படையும் முப்பது வள்ளங்களும் அந்த இரண்டு இடங்களுக்கும் இடையில்தான் தேடிக்கொண்டிருந்தன. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று அடித்து வீசும் ஆடி மாதம். கிறிஸ்ரோபர் உண்மையில் எங்கே போனான் என்று அறிந்தது மும்பாய் இயந்திரம் மட்டுந்தான். அதற்குள் போக யாராலும் முடியவில்லை.

முடியாமற் போனதற்குக் காரணம் தானே என்று ஷெரோன் முதல்நாளே யோசப்பினிடம் சொல்லிவிட்டாள். இப்படியான இயந்திரத்துக்குள் போகக் கடவுச்சொல் போதாது. ஒரு திறப்பு வேண்டும். திறப்பென்றால் இரும்புச் சாவியல்ல, நீண்ட எழுத்துக்கோவை கொண்ட ஒரு கோப்பு. அதன் ஒரு பாதி இயந்திரத்தில் பூட்டாக இருக்கும். மறுபாதி உரியவரின் கணினியில் மட்டும் இருக்கும். வாடகைக்கு விட்ட நிறுவனத்திடமும் பிரதி கிடையாது. லெனாட்டின் பாதி அவனுடைய மடிக்கணினியில் இருந்தது. தை மாதம் டெங்குக் காய்ச்சலில் அவன் இறந்தான். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும், வழக்கப்படி அவனுடைய உடுப்புகளையும் பொருட்களையும் இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். மடிக்கணினியைச் சிறுவர் இல்லமொன்றுக்குக் கொடுக்குமுன் ஷெரோன்தான் அதைத் துடைத்தாள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்பவள். அரைகுறையாகத் துடைக்கப் பழகாதவள்.

நேற்று அதைத் திருப்பி வாங்கி நகரிலுள்ள ஒரு கணினி திருத்துமிடத்தில் கொடுத்திருந்தாள். நாளைப் பின்னேரம்தான் எதையும் சொல்லலாம் என்றார்கள்.

"வேறை வழியில்லையோ?" என்றாள் யோசப்பின்.

"இருக்கு அக்கா. திறப்பில்லாமல் உள்ளுக்கு ஆளை அனுப்பலாம்."

ஷெரோன் கதிரையை இழுத்து அமர்ந்து இருவருக்கும் விளங்கும்படி சொன்னாள். நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குச் சங்கத்தின் பெயரில் கணக்கு இருக்கிறது. அங்கிருந்து இயந்திரத்தை நிறுத்தலாம், எழுப்பலாம். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கத்தான் முடியாது. ஆனால் நிறுவனம் முகவர் என்றொரு சிறு மென்பொருள் தருகிறது. அதை இயந்திரத்தில் நிறுவிவிட்டால், அது வெளியிலிருந்து யாரும் கதவைத் தட்டக் காத்திராது. தானே தலைமையகத்தைக் கூப்பிட்டு, 'எனக்கு ஏதும் வேலை இருக்கோ?' என்று கேட்டபடி இருக்கும். கட்டுப்பாட்டுப் பக்கத்தில் நாம் எழுதும் கட்டளையை வாங்கி உள்ளே செய்து, விடையை அனுப்பும். கதவும் வேண்டாம், திறப்பும் வேண்டாம்.

"அந்த ஆளை உள்ளுக்கு விடவே கதவு வேணுமே," என்றார் சந்தியோகு.

"அதுதான் மாமா கேள்வி." அந்த நிலையிலும் ஷெரோனின் குரலில் ஒரு விரைவு வந்தது. "புது மெசின் பிறந்து முதல்முறை எழும்பேக்கை, நாங்கள் வெளியிலை எழுதி வைச்ச ஒரு குறிப்பை வாசிக்கும். இன்னதைப் போடு, இன்னதைச் செய் எண்டு. ஒருக்கால்தான் வாசிக்கும். ஆனா அந்தக் குறிப்பிலை, 'எழும்பிற ஒவ்வொரு முறையும் செய்' எண்டு ஒரு வரி சேர்த்து எழுதினா, பழைய மெசினும் திருப்பி வாசிக்கும். முகவரைத் தானே இறக்கித் தானே போட்டுக்கொள்ளும்."

"அப்ப எழுதன் பிள்ளை!"

"மெசின் ஓடேக்கை குறிப்பை மாத்த விடாது. நிப்பாட்ட வேணும்."

சந்தியோகு மேசையில் கைவைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உன்ரை கொண்ணன் இந்த மேசையிலை இருந்து சொன்னது எனக்கு மறக்கேல்லை. 'மாமா, இடங்களை நான் எழுதி வைக்கமாட்டன். மெசினின்ரை ஞாபகத்திலை மூண்டு நாளைக்கு மட்டும் நிக்கும். நிப்பாட்டினா அதுவும் போயிடும். களவாய்ப் பாக்க ஒருத்தனாலும் ஏலாது.' அதைக் கேட்டுத்தான் நாப்பத்திமூண்டு பேரும் பெட்டி பூட்டச் சம்மதிச்சவங்கள்."

கணினிக்கு இரண்டு விதமான வைப்பு உண்டு. ஒன்று வட்டு. அதில் எழுதியது மின்சாரம் போனாலும் இருக்கும். மற்றது நினைவகம். கரும்பலகையை நனைந்த துணியால் துடைத்ததுபோல, இயந்திரம் நின்ற கணமே அது வெறுமையாகும். லெனாட் சொன்னபடி செய்திருந்தால், ஷெரோன் நிறுத்தும் பொத்தானை அமர்த்தும்போது கிறிஸ்ரோபர் நின்ற இடமும் அழியும். நிறுத்தாமல் வட்டைப் பிரதி எடுத்துப் பார்க்கலாமா என்றும் தேடினாள். சங்கம் எடுத்திருந்த மலிவான திட்டத்தில் அதற்கும் இயந்திரம் நின்றிருக்க வேண்டும்.

"திருத்திற கடைக்காரன் நாளைக்குச் சொல்லுவான்," என்றார் சந்தியோகு. "நாளைக்கு ரண்டு மணியோடை மூண்டு நாள் முடியுது. அதுக்கு முந்தித் திறப்புக் கிடைச்சா?"

"நான் துடைச்ச துடைப்புக்குக் கிடைக்கும் எண்டு நான் நம்பேல்லை மாமா. ஆனா கிடைக்காது எண்டு சத்தியம் பண்ணவும் மாட்டன்."

இருவரும் யோசப்பினைப் பார்த்தார்கள்.

"அவர் எவ்வளவு தண்ணி கொண்டு போறவர்?" என்று அவள் சந்தியோகுவைக் கேட்டாள். வீட்டில் கலனை நிரப்பிக் கொடுப்பவள் அவள்தான். ஆனாலும் கேட்டாள்.

"ஒரு கலன். அஞ்சு லீற்றர்."

"இந்த வெயிலுக்கு அது இண்டைக்கு இராது. நிப்பாட்டு தங்கச்சி."

ஷெரோன் அவசரப்படவில்லை. முதலில் இயந்திரத்துக்கு நிலையான முகவரி இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லாவிட்டால் மறுபடி எழும்பும்போது முகவரி மாறி, நாற்பத்துமூன்று பெட்டிகளும் ஆளில்லாத வீட்டைத் தட்டிக்கொண்டிருக்கும். லெனாட் நிலையான முகவரி வாங்கியிருந்தான். அடுத்து, முகவர் தலைமையகத்தோடு பேசுவதற்கான அனுமதியை இயந்திரத்தின் பெயரில் எழுதினாள். அதில்லாமல் முகவர் உள்ளே இருந்தும் ஊமையாகவே இருப்பான். குறிப்பைத் தனியாக எழுதி, மூன்று முறை வாசித்துச் சரிபார்த்தாள்.

பொத்தானில் கைவைத்தபோது அவளுக்கு வந்த வேண்டுதல் விசித்திரமானது. ஆண்டவரே, என் அண்ணா பொய் சொல்லியிருக்க வேண்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றாத ஒருவனாக அவன் இருந்திருக்க வேண்டும். இறந்து ஆறு மாதமான ஒருவனுக்காக எந்தத் தங்கையும் கேட்கக் கூடாத வரம் அது. அமர்த்தினாள்.

சுவரில் நாற்பத்துமூன்று விளக்குகளும் சாம்பல் நிறமாயின.

நான்கு நிமிடத்தில் இயந்திரம் முழுதாக நின்றது. குறிப்பை ஒட்டினாள். எழுப்பினாள். கட்டுப்பாட்டுப் பக்கத்தில் முகவர்களின் பட்டியல் காலியாகக் கிடந்தது. புதுப்பித்தாள். காலி. யோசப்பின் செபமாலையைக் கையில் எடுத்தாள், ஆனால் உருட்டவில்லை. ஏழாவது நிமிடத்தில் பட்டியலில் ஒரு வரி வந்தது. முகவர் உள்ளேயிருந்து கூப்பிட்டிருந்தான்.

ஷெரோன் முதல் கட்டளையை எழுதினாள்: நினைவகத்திலுள்ள கோப்புகளைக் காட்டு. விடை உடனே வந்தது. ஒன்றுமில்லை.

யோசப்பின் திரையை வாசிக்கத் தெரியாதவள். ஷெரோனின் முகத்தை வாசித்தாள். "இல்லையோ?"

"பொறுங்கோ அக்கா."

இரண்டாவது கட்டளை: வட்டில், கடந்த வாரத்தில் மாறிய கோப்புகளைக் காட்டு. நான்கு கோப்புகள் வந்தன. மூன்று இயந்திரத்தின் சொந்த நாட்குறிப்புகள். நான்காவது பெரியது. அதன் தலைப்பகுதியைக் கேட்டாள். வள்ளத்தின் இலக்கம், திகதி, நேரம், அகலாங்கு, நெட்டாங்கு. பெட்டி பூட்டிய முதலாம் நாளிலிருந்து பதினான்கு மாதம். நாற்பத்துமூன்று வள்ளங்களும் நின்ற எல்லா இடங்களும் அங்கே எழுதப்பட்டிருந்தன.

"இருக்கு மாமா," என்றாள். பிறகு அதையும் சொன்னாள். "எல்லாரின்ரையும் இருக்கு. அண்ணா எழுதி வைச்சிருக்கிறார்."

சந்தியோகு அவளுக்குப் பின்னால் நின்றவர், திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"எனக்குக் காட்டாதை, பிள்ளை. அவன்ரை மட்டும் எடுத்து வாசி."

அவள் கிறிஸ்ரோபரின் செவ்வாய்க்கிழமை வரிகளை மட்டும் பிரித்தெடுத்தாள். வள்ளம் போனது எழுவைதீவுக்கு மேற்கேயுமல்ல, நெடுந்தீவுக்குமல்ல. காரைநகருக்கு நேர் வடக்கே பத்து மைல். அங்கே மூன்று மணித்தியாலம் நின்றிருக்கிறது. காலை எட்டே முக்காலிலிருந்து புள்ளிகள் மறுபடி நகர்கின்றன, ஆனால் வேறுவிதமாக. போகும்போது பத்து நிமிடத்தில் இரண்டு மைல் தாண்டிய வள்ளம், இப்போது மணிக்கு ஒரு மைலே போகிறது. அதுவும் கரையை நோக்கியல்ல, காற்றோடு வடகிழக்கே.

"எஞ்சின் நிண்டிட்டுது," என்றார் சந்தியோகு சுவரைப் பார்த்தபடியே. "இழுபட்டுக்கொண்டு போயிருக்கிறான்."

இரண்டு மணிக்குத் தொலைபேசி அலை எட்டாத தூரம் வந்துவிட்டது. அதுவரைக்கும், அவன் இழுபட்டுப் போன அந்த ஐந்து மணித்தியாலமும் சுவரில் விளக்குப் பச்சையாகவே எரிந்திருக்கிறது. பெட்டிக்குச் சத்தம் போடத்தான் தெரியும்.

ஷெரோன் அதே திசையில் அதே வேகத்தில் கோட்டை நீட்டினாள். எஞ்சின் நின்றதிலிருந்து நாற்பத்தெட்டு மணித்தியாலம், நாற்பத்தெட்டு மைல். பருத்தித்துறைக்கு வடகிழக்கே, ஆழக்கடலில் ஓரிடம். அங்கே குருநகர் வள்ளங்கள் போவதில்லை. மயிலிட்டியிலிருந்து, கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் போகும். சந்தியோகு மயிலிட்டிக்கும் கடற்படைக்கும் அந்த இடத்தின் இலக்கங்களைச் சொன்னார். மயிலிட்டிக்காரர் வானொலிக் கருவியில் தங்கள் படகுகளைக் கூப்பிட்டார்கள்.

பின்னேரம் ஐந்து மணிக்குச் சந்தியோகுவின் தொலைபேசி அடித்தது. அவர் கேட்டுக்கொண்டே யோசப்பினின் தோளைப் பிடித்தார்.

"ஆள் வள்ளத்துக்குள்ளை கிடக்கிறானாம். கதைக்க ஏலாமல் கிடக்கிறான். உயிர் இருக்கு."

யோசப்பின் செபமாலையின் முதல் மணியை உருட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சங்கம் கூடியது. கிறிஸ்ரோபர் ஆசுப்பத்திரியில் சேலைனோடு கிடந்தான். சிறுநீரகம் தேற நாளெடுக்கும் என்றார்கள். ஷெரோன் எழும்பி நின்று நடந்ததை முழுவதும் சொன்னாள். லெனாட் வாக்கு மீறியதையும் சொன்னாள். அந்தக் கோப்பைத் தான் வெள்ளிக்கிழமையே அழித்துவிட்டதாகச் சொன்னாள். அழித்ததை அவர்களுக்குக் காட்ட வழியில்லை என்பதையும் சொன்னாள்.

ஒருவர் எழும்பிப் போய் வள்ளத்திலிருந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிறகு இன்னொருவர். மத்தியானத்துக்குள் பதினொரு பெட்டிகள். மற்றவர்கள் வைக்கவில்லை. சிலர் அவளுடைய தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியாகச் சந்தியோகு வந்தார். கையில் ஒரு பெட்டி, உப்புப் படிந்து.

"நீங்களுமோ மாமா?"

"உன்ரை கொண்ணனிலை எனக்குக் கோவமில்லை, பிள்ளை. அவன் எழுதி வைச்சபடியால் ஒரு குடும்பம் தப்பிச்சுது. ஆனா கடலிலை எனக்கெண்டு இருக்கிறது அந்த ஒரு இடந்தான்."

"நீங்கள் காணாமல் போனா?"

"தேடுங்கோ," என்றார் அவர். "உந்தப் பெட்டி வாறதுக்கு முந்தியும் தேடினனாங்கள்தானே."

ஷெரோன் இரண்டு கைகளையும் நீட்டி அதை வாங்கினாள்.