எட்டுக்குப் பதில் சொன்னவர்

எங்கள் சைக்கிள் கிளப்பில் தலை எண்ணுவது பர்மியத்தில்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைவர் விநாயகமூர்த்தி விசில் ஊதுவார். அவரவர் எண்ணை அவரவர் கத்த வேண்டும். தித், ஹ்னித், தோன் என்று பதினான்கு வரைக்கும் போகும். எண் விட்டுப்போனவர் யாங்கூன் திரும்பியதும் பதினான்கு சைக்கிள்களின் சேற்றையும் கழுவ வேண்டும். அதனால் யாராவது கொஞ்சம் பின்தங்கினால் பக்கத்தில் நிற்பவர் அவருக்காகக் குரல் கொடுத்துவிடுவார். எல்லோரும் செய்ததுதான். நானும் செய்திருக்கிறேன்.

என் மனைவி புஷ்பலதாவின் எண் எட்டு. ஷித்.

போன டிசம்பரில் ஆற்றுக்கு அக்கரையில் டாலா பக்கம் இரண்டு நாள் பயணம் போனோம். இரண்டாம் நாள் பழைய ரயில் மேட்டின் முடிவில் எண்ணினார்கள். ஷித் என்று ஒரு குரல் வந்தது. லதா அங்கே இல்லை. இரண்டு மைல் பின்னால், வைக்கோல் எரித்த புகையில் மூச்சு முட்டி, மேட்டுச் சரிவில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஆஸ்துமா பம்பு காலியாகிவிட்டிருந்தது. நாங்கள் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்து மறுபடி எண்ணியபோதுதான் எட்டுக்குப் பதில் வரவில்லை. அதற்குள் மாடு மேய்க்கிற ஒருவர் அவளைப் பார்த்து, தள்ளுவண்டியில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோயிருந்தார். அரை மணி நேரம் முந்தி வந்திருந்தால் என்றார் மருத்துவர். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் எனக்கு நினைவில்லை.

காரியம் முடிந்த அன்று வீட்டுக்கு வந்திருந்த கிளப்காரர்களிடம் கேட்டேன்.

"ஷித்னு சொன்னது யாரு?"

பன்னிரண்டு பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இந்த டிசம்பரில் விநாயகமூர்த்தி ஒரு பனியனோடு வந்தார். முன்பக்கத்தில் தமிழிலும் பர்மியத்திலும் 'புஷ்பலதா நினைவுப் பயணம்' என்று அச்சடித்திருந்தது.

"அதே வழியா போறோம் பிரேம். நீ வரணும். ராத்திரி வெளியூர்ல தங்குறதுக்கு வார்டு ஆபீஸ்ல குடுக்கிற லிஸ்ட்டுல உன் பேரை எழுதிட்டேன்."

வருகிறேன் என்றேன். அவளை நினைக்க இரண்டு நாள் மிதிக்க வேண்டியதில்லை. எனக்கு ஒரு பெயர் வேண்டும். கிடைத்தால் என்ன செய்வேன் என்று தெரியாது. பெயர் வேண்டும். பனியனை வாங்கிக்கொண்டேன், போடவில்லை.

சனிக்கிழமை காலை பான்சோடான் துறையில் படகேறினோம். சைக்கிள்களைக் கம்பியில் சாய்த்துக் கட்டினோம். பெட்ரோல் வரிசை பற்றிப் பேசினார்கள். குழந்தைவேலு வழக்கம்போல், பர்மிய மரியாதைக்கு ஒரு 'ஊ' சேர்த்து, ஆரம்பித்தார்.

"ஊ மூர்த்தி, உங்க வயிறு டாலா சேர்ந்துடுச்சு. சைக்கிள் எப்ப வரும்?"

"நீ முதல்ல உன் செயினுக்கு எண்ணெய் போடுய்யா. எலி கத்துற மாதிரி வருது."

எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

முதல் நிறுத்தத்தில் மூர்த்தி விசில் ஊதினார். குன்னித் என்று ஏழாமவர் சொன்னார். பிறகு ஒரு நொடி எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். பிறகு கோ என்று ஒன்பதாமவர். எட்டைக் காலியாக விடுவது மரியாதையாம். எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்களாம்.

இந்த ஒரு நொடியைப் போன வருடம் விட்டிருக்க வேண்டும். அவள் உயிரோடு, இரண்டு மைல் பின்னால் இருந்தபோது விட்டிருக்க வேண்டும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன். முகம் தெரியாமல் குரல்களை மட்டும் கேட்டேன். இரவு துவாந்தே ஊரில் கோயில் மண்டபத்தில் படுத்தோம். நான் யாரோடும் பேசவில்லை.

ஞாயிறு பத்து மணிக்கு ரயில் மேட்டில் ஏறினோம். செங்கல் சூளைக்காரர்கள் ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓட்டிய பாதை. தண்டவாளத்தை எப்போதோ பிடுங்கி விற்றுவிட்டார்கள். செம்மண் மேடு மட்டும் வயலுக்கு நடுவே நேராகப் போகிறது. இந்த வருடமும் வைக்கோல் எரித்திருந்தார்கள். அவள் உட்கார்ந்த இடத்தைக் கடந்தபோது யாரும் நிற்கவில்லை. மாடு மேய்க்கிறவர் எனக்கு மட்டும்தான் காட்டியிருந்தார், அவர்களுக்கு அந்த இடம் தெரியாது. நானும் நிற்கவில்லை.

மேடு முடிகிற இடத்தில் கரும்புச் சாறு விற்கிற குடிசை. அங்கேதான் அன்று எண்ணினார்கள். மூர்த்தி விசில் ஊதினார். நான் வயலைப் பார்த்து நின்றேன். தசே என்று பத்து வந்தது. பிறகு செதித். பதினொன்று.

பதினொன்று ஜஸீலாவின் எண். ஜஸீலாவுக்குக் கீச்சுக் குரல். இது கனத்த, மெதுவான குரல்.

திரும்பினேன். சொன்னது உம்மு சல்மா.

சல்மா அக்கா லதாவின் சிநேகிதி. யாங்கூனில் எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையிலேயே அடுத்த தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறார். இந்த ஒரு வருடமும் வெள்ளிக்கிழமை தோறும் எனக்கு டிபன் கேரியரில் சோறு அனுப்பியவர்.

"ஜஸீலா எங்க?" என்றேன்.

"அந்தா வர்றா தம்பி. மதகுகிட்ட செருப்பு வாரை மாட்டிக்கிட்டு இருக்கா. பார்த்துட்டுத்தான் சொன்னேன்."

மதகுப் பக்கத்திலிருந்து ஜஸீலா கை ஆட்டினாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"வெக்கமா இல்ல உங்களுக்கெல்லாம்? செத்தவளுக்குத் தலை குனிவீங்க, இருக்கறவளுக்குப் பொய் சொல்வீங்க! சட்டையில பேரை அடிச்சுட்டா சரியாப் போச்சா?"

"பிரேம், மெதுவா," என்றார் மூர்த்தி.

"நீங்க பேசாதீங்க. விசில் ஊதத் தெரியுது, திரும்பி முகத்தைப் பார்க்கத் தெரியல." பிறகு சல்மாவிடம் கேட்டேன். "அன்னைக்கும் நீங்கதானா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"என்ன தம்பி, புதுசா கேக்குற மாதிரி கேக்குறே?"

"நீங்கதானான்னு கேட்டேன்."

"நான்தான். மேட்டு முனையில மூங்கில் தொப்பி தெரிஞ்சுச்சு. லதா தொப்பின்னு நெனச்சேன். அது வயக்காட்டுப் பொம்பளை எவளோ. அல்லா அறிய, வந்துட்டான்னுதான் நெனச்சேன்." நிறுத்தினார். "உனக்குத் தெரியும்ல?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ என் பக்கத்துலதானே நின்னே. கையில கரும்புச் சாறு. நான் சொன்னதும் திரும்பி என்னைப் பார்த்தே. சிரிச்சே."

குடிசையில் கரும்பு பிழிகிற சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"பொய்," என்றேன்.

"பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போவுது? காரியத்தன்னைக்கு எல்லாரு முன்னாடியும் யாருன்னு கேட்டே. என் வாயால வரணும்னு கேக்குறேன்னு நெனச்சேன். எனக்கு நாக்கு எழும்பல. அப்புறம் சோறு குடுத்து விட்டேன், வாங்கிக்கிட்டே. கேரியரைக் கழுவித் திருப்பி அனுப்புனே. தெரிஞ்சும் பொறுத்துக்கிட்டான், நல்ல புள்ளைன்னு நெனச்சேன். ஒவ்வொரு வெள்ளியும் அழுவேன்."

எனக்கு அந்தச் சிரிப்பு நினைவில்லை. சாறு நினைவிருக்கிறது. ஐஸ் நினைவிருக்கிறது. ஷித் என்ற சத்தம் நினைவிருக்கிறது. அதற்கு ஒரு முகம் இருந்ததாக நினைவில்லை.

"சொல்லுங்க," என்றேன். "அன்னைக்கு எப்படிச் சொன்னீங்களோ அப்படியே."

"வேணாம் தம்பி."

"சொல்லுங்க!"

"ஷித்," என்றார்.

குரலை மாற்றவே இல்லை. அவருடைய கனத்த குரல். லதாவோடு நான் நான்கு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். இது அவள் இல்லை என்று தெரிய எனக்குத் திரும்பிப் பார்க்கக்கூட வேண்டியிருந்திருக்காது.

குழந்தைவேலு என் தோளைத் தொட்டார். தட்டிவிட்டேன். மூர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார்.

"கிளம்புவோம். படகைப் பிடிக்கணும்."

"எண்ணுங்க," என்றேன்.

"இப்பத்தானேப்பா எண்ணினோம்."

"மறுபடி எண்ணுங்க. எட்டைத் தாண்டாதீங்க. கேளுங்க."

விசில் ஊதாமலே ஆரம்பித்தார். குரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. இந்த முறை ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். குன்னித். மூர்த்தி மேட்டுப் பக்கம் திரும்பினார்.

"ஷித்?" என்று கேட்டார்.

பதில் வரவில்லை.

பதில் வராவிட்டால் ஒருவர் வந்த வழியே திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். அதுதான் விதி. நான் சைக்கிளைத் திருப்பி மேட்டில் ஏறினேன். பின்னால் மூர்த்தி ஏதோ கத்தினார்.

கால் மைல் போயிருப்பேன். பின்னால் இன்னொரு சைக்கிளின் சத்தம். வேகமாக மிதிக்கத் தெரியாதவர், மூச்சிரைக்க மிதித்து வந்தார். திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, சல்மா அக்கா.

"வராதீங்க!" என்று திரும்பாமல் கத்தினேன்.

சத்தம் நிற்கவில்லை.