ரெண்டு சுழி கன்னையா

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் கேட்டுச் செய்கிற பழக்கமே கிடையாது என்பது கன்னையாவின் முடிந்த முடிவு. லோரிக்காரன் கேட்காமல் மாட்டுக் காதில் ஹாரன் அடிக்கிறான். பக்கத்துக் கொட்டகைக்காரன் கேட்காமல் வைக்கோலை உருவுகிறான். கோலாலம்பூருக்கு நாகரிகம் வந்துவிட்டதாம். அதுவும் கேட்காமல்தான் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இப்போது ஒருத்தர் அவரையே கேட்காமல் எடுத்துக் கதையில் போட்டுவிட்டார்.

போட்டவர் ரயில்வே ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி தங்கரத்தினம். யாழ்ப்பாணத்து இளைஞர். பிரிக்பீல்ட்ஸ் சூளையிலிருந்து செங்கல் ஏற்றிப் போகும் கன்னையாவின் மாட்டு வண்டியை ஆபீஸ் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருப்பார். பார்த்ததோடு விட்டிருக்கலாம். வாரப் பத்திரிகை ஒன்றில் ‘வண்டிக்கார வீரன் கண்ணையா’ என்று தொடர்கதை எழுத ஆரம்பித்துவிட்டார்.

கன்னையாவுக்குப் படிக்கத் தெரியாது. பத்திரிகை வரும் நாளில் சவரக் கடைச் சின்னையா அதை உரக்க வாசிப்பார். முதல் வாரமே கண்ணையா சுங்கை பூலோ காட்டில் நுகத்தடியால் புலியை அடித்துக் கொன்றான். கன்னையா தம் ஆயுளில் புலியைப் பார்த்ததில்லை. ஒரு தடவை காட்டுப்பன்றியைப் பார்த்து, வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். இருந்தாலும் கடையில் அவர் மறுத்துப் பேசவில்லை. அந்த மாதம் தாடி வளர்கிற வேகத்தையும் மிஞ்சிச் சவரம் செய்துகொண்டார்.

வினை வெள்ளத்தோடு வந்தது. ஊரில் வந்து போன பெருவெள்ளம் கதையிலும் வந்தது. அதில் கண்ணையா நீந்திப் போய், பொன்னம்மாள் என்ற ஆப்பக்கடை விதவையைத் தோளில் தூக்கி வந்தான். கரையில் அவள் கண்ணைத் திறந்து, “பிராணநாதா” என்றாள்.

அந்தப் பக்கத்தில் ஆப்பக்கடை வைத்திருந்த விதவை ஒருத்திதான், பவுனம்மாள். வெள்ளம் வந்தபோது அவள் செமினித் தோட்டத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். கன்னையா அன்று ரயில் மேட்டில் மாடுகளைக் கட்டிவிட்டு, பொழுது சாயும்வரை வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவள் அவரை ‘அண்ணே’ என்பதைத் தவிர வேறு மாதிரிக் கூப்பிட்டதே இல்லை. ஆனாலும் மறுநாள் முதல் சூளையில் கல் ஏற்றுகிற பயல்கள் எல்லாருக்கும் கன்னையா ‘பிராணநாதா’ ஆகிவிட்டார். அவர் ஆப்பக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினார். நிறுத்தியதும், பார்த்தாயா, ஊருக்குப் பயந்து நிறுத்திவிட்டார் என்று பேசினார்கள்.

ஒருநாள் பவுனம்மாளே மாட்டுக் கொட்டகைக்கு வந்தாள். செமினியிலும் அந்தப் பத்திரிகையைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வாசிக்கிறார்களாம். அண்ணன் வேலாயுதத்துக்கு மானம் போய்விட்டதாம். சம்பளம் போட்ட மறுநாள் லோரி கொண்டுவந்து, தங்கையையும் சட்டி பானைகளையும் ஏற்றிப் போகப் போவதாகச் சொல்லியனுப்பியிருந்தான்.

“அங்க போனா அண்ணி போடுற சோத்துக்குக் கையேந்திக்கிட்டு நிக்கணும். இந்த அடுப்பு நானா மூட்டினது,” என்றாள். “நீங்க ஒண்ணும் செய்யலதான். ஆனா உங்க பேர்லதானே வந்துச்சு. நீங்கதான் நிறுத்தணும் அண்ணே.”

கன்னையா வண்டியை ரயில்வே ஆபீஸ் வாசலில் நிறுத்தி, கிராணியைக் கூப்பிடச் சொன்னார். தங்கரத்தினம் சந்தோஷமாக வந்தார். விஷயத்தைக் கேட்டபிறகும் அந்தச் சந்தோஷம் முழுதாகப் போகவில்லை.

“கோவிக்காதையுங்கோ அண்ணை. அது நீங்கள் இல்லை,” என்றார். “உங்கட பேருக்கு ரெண்டு சுழி ன. கதையில வாறவனுக்கு மூண்டு சுழி ண. அது வேற ஆள்.”

“காதுக்கு எத்தனை சுழி, கிராணியாரே?”

பவுனம்மாளையும் பொன்னம்மாள் என்று மாற்றியிருப்பதாகத் தங்கரத்தினம் சொன்னார். பவுன் எப்போது பொன் இல்லாமல் போனது என்று கன்னையா கேட்டார். பிறகு தங்கரத்தினம், எல்லாம் அன்பினால் எழுதியது, ஜன்னலில் நின்று பார்த்தால் நீங்கள் வண்டியில் ராசா மாதிரி இருப்பீர்கள் என்றார்.

“பிடிச்சிருந்தா ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போறது. என் மாட்டைப் பிடிச்சா, அவுத்துக்கிட்டுப் போய் உங்க வண்டியில பூட்டுவீங்களா?”

அச்சானதைத் திரும்ப வாங்க முடியாது என்றார் கிராணி. அதெல்லாம் பொய் என்று எழுதினால், ஏதோ இருக்கப் போய்த்தான் மறுக்கிறான் என்று இன்னும் நம்புவார்களாம். ஆப்பக்கடைக்குப் போகாமல் இருந்து பார்த்த கன்னையாவுக்கு இது புரிந்தது. வேண்டுமானால் கதையை முடித்துவிடுகிறேன் என்றார் தங்கரத்தினம். முடிக்கச் சொல்லிவிட்டு வந்தார் கன்னையா.

எப்படி முடிப்பார் என்று கேட்டு வைத்திருக்க வேண்டும். அடுத்த இதழில், செத்த புலியின் ஜோடி வந்து கண்ணையாவை அடித்துப்போட்டது. பொன்னம்மாள் மடியில் அவன் உயிர் பிரிந்தது. கன்னையா முகத்தில் சோப்பு நுரையோடு இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சின்னையா மூக்கைச் சிந்தப் போனதில் சவரம் பாதியில் நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஒருத்தன் எழுந்து வந்து, கன்னையாவின் தோளைப் பிடித்து அவருக்கே ஆறுதல் சொன்னான்.

சம்பளத்துக்கு மறுநாள் லோரி வந்தது. ஒளிந்தால் பொய் மெய்யாகிவிடும் என்று கன்னையா முன்கூட்டியே போய் ஆப்பக்கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தார். என்ன பேசுவது என்று மட்டும் தெரியவில்லை.

வேலாயுதம் இறங்கினான். கண் சிவந்திருந்தது. கோபம் என்றுதான் கன்னையா நினைத்தார். அழுத கண். முந்தின நாள் லயத்தில் கடைசிப் பகுதியை வாசித்தார்களாம். பல வீட்டில் உலை வைக்கவில்லையாம்.

“என்ன இருந்தாலும் நல்ல மனுசன், போய்ச் சேர்ந்துட்டாரு,” என்றான் தங்கையிடம். “வெள்ளத்துல உன்னைத் தூக்கிட்டு வந்தவரு. இனிமே அவரைப் பத்தி நான் எதுவும் பேசமாட்டேன்.”

வெள்ளத்தன்று அவள் இவன் வீட்டு அடுப்படியில்தான் இருந்தாள். பவுனம்மாள் அதை நினைவுபடுத்தவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா சூளைப் பயல் ஒருத்தன் தெருவில் வர வேண்டும்? “கன்னையாண்ணே, கல்லு ஏத்தக் கூப்பிடுறாங்க,” என்று கத்திவிட்டுப் போனான்.

வேலாயுதம் திரும்பினான். “இது யாரு?”

பவுனம்மாள் ஆப்பச்சட்டியை மூடினாள். கிராணி சொன்னதைக் கன்னையா அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

“இவரு ரெண்டு சுழி கன்னையா. செத்தவரு மூணு சுழி.”

வேலாயுதத்துக்கு எழுத்து தெரியாது. தெரியாதென்று தங்கை முன்னால் சொல்லிக்கொள்ளவும் மனசில்லை. கன்னையாவை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தான்.

“அதானே பாத்தேன்,” என்றான். “அவரு இன்னும் உயரம்.”

செத்தவனோடு அவளை யாரும் சேர்த்துப் பேச முடியாது. அதனால் சட்டி பானைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. வேலாயுதம் வயிறு நிறையச் சாப்பிட்டு, வீட்டுக்கும் ஆப்பம் கட்டிக்கொண்டு வெறும் லோரியில் போனான்.

சேதி தெரிந்து தங்கரத்தினம் சூளைக்கே வந்துவிட்டார். கதை கெடுத்ததைக் கதையே சரிசெய்துவிட்டது, பார்த்தீர்களா என்றார்.

“காலை ஒடிச்சவனே கட்டும் போட்டா, அவன் வைத்தியனா?” என்று கேட்டபடி கன்னையா நுகத்தடிக் கயிற்றை இறுக்கினார்.

கிராணி அசரவில்லை. காப்பார், கிள்ளான் எல்லா இடத்திலிருந்தும் கண்ணையாவைச் சாகடிக்கக் கூடாது என்று கடிதம் வருகிறதாம். உயிர் போகவில்லை, மயக்கம்தான் என்று எழுதிவிடலாமாம்.

“இந்த முறை உங்களைக் கேட்டுத்தான் செய்யிறன் அண்ணை. திரும்பக் கொண்டுவரட்டோ?”

“என்னை எதுக்குக் கேக்குறீங்க? நான் ரெண்டு சுழி. மூணு சுழிகிட்டப் போய்க் கேளுங்க.”

சொல்லிவிட்டு வண்டியை ஓட்டினார். சவரக் கடை வாசலில் மாடுகள் பழக்கத்தில் தாமாகவே நின்றன. சின்னையா உள்ளேயிருந்து பத்திரிகையை ஆட்டிக் கூப்பிட்டார். கன்னையா தாடையைத் தடவிப் பார்த்தார். சொரசொரவென்றுதான் இருந்தது. வாலை முறுக்கி மாடுகளை விரட்டினார்.