பாலத்து ஏற்றத்தில் ஒரு டக்

சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லாமல் போய்க் கொஞ்ச நாளாகிறது. பற்சக்கரம், செயின், லீவர் என்று கடையில் இரவல் வாங்கி வந்து பரப்பி வைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். நடுவில் என் சமையலறைத் தராசு. மாவு அளக்கிற தராசு! அதில் கறுப்பு மசகோடு ஒரு பற்சக்கரம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இதைப் பாரு, பழசைவிட எவ்வளவு லேசு!" என்றார்.

"அந்த எடையை உங்க வயித்துல குறைச்சா செலவே இல்லையே."

"வயித்துக்கு உதிரி பாகம் கிடைக்காதும்மா."

சைக்கிளின் கியர், செயின், பிரேக், லீவர் எல்லாம் சேர்ந்ததற்குக் குரூப்செட் என்று பெயர். கல்யாண நகை செட் மாதிரிதான். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது ஒட்டாது, மாற்றினால் மொத்தமாக மாற்ற வேண்டும். இவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. இருப்பதையே வைத்துக்கொள்வது, ஒரு பற்சக்கரம் கூடுதலாக உள்ள, இப்போதுள்ளது போலவே கம்பி இழுத்து மாற்றுகிற புது கியர் வாங்குவது, இல்லையென்றால் பட்டனைத் தொட்டாலே குட்டி மோட்டார் செயினை நகர்த்திவிடும் பேட்டரி கியர்.

"பேட்டரி கியரையே வாங்குங்களேன்," என்றேன்.

"மோட்டார் வெச்சதெல்லாம் ஒரு சைக்கிளா? நடு ரோட்டுல சார்ஜ் போச்சுன்னா?"

"கைபேசிக்கு மறக்காம சார்ஜ் போடறீங்கல்ல, அது பக்கத்துலயே இதையும் போடுங்க."

ஒப்புக்கொள்ளவில்லை. தினமும் கணினியில் படிப்பார், வீடியோ பார்ப்பார், பேட்டரி கியரைப் புகழ்ந்து ஒரு மணி நேரம் பேசுவார், கடைசியில் "நமக்கெதுக்கு" என்று முடிப்பார். பிடித்திருக்கிறது, ஆனால் வேண்டாமாம். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய!

நான் பேட்டரி கியருக்குப் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. சமீபமாகத் தேன் பாட்டில் மூடியை என்னிடம் நீட்டுகிறார். "வழுக்குது, நீ திற" என்பார். முன்பெல்லாம் வீட்டில் எந்த மூடி இறுகினாலும் இவரைத்தான் கூப்பிடுவோம். சட்டையின் மேல் பட்டனையும் போடாமலே விட்டுவிடுகிறார். கேட்டால் காற்றோட்டமாம். வலது கை விரல் மூட்டுகள் காலையில் வீங்கியிருப்பதை நான் பார்க்கிறேன். கியர் லீவரை உள்பக்கம் அழுத்தித் தள்ள அந்த விரல்கள்தான் வேண்டும். போன ஞாயிறு பாலத்து ஏற்றத்தில் கியரையே மாற்றாமல், எழுந்து நின்று, மூச்சு வாங்க வாங்க மிதித்தார். இப்படியே போனால் ஒருநாள் சைக்கிளைச் சுவரில் மாட்டிவிட்டு, "போதும்மா, அலுத்துப்போச்சு" என்று பொய் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை காலை எங்களுக்குக் கிடைப்பதே அந்த ஒரு சவாரி. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

விரலைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ரோஷம் வந்துவிடும். பட்டன் அழகாயிருக்கிறது, நிறம் நன்றாயிருக்கிறது என்று ஏதேதோ சொல்லிக் கடைக்கு இழுத்துப் போனேன்.

சைக்கிள் கடைக்காரரை எல்லோரும் மசகு என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண ஃபோட்டோவில்கூட அவர் கன்னத்தில் கறை இருக்குமாம். பேட்டரி கியர் பூட்டிய சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, "அமுக்கிப் பாருங்க சார்" என்றார்.

இவர் அந்த வீங்கிய விரலால் பட்டனை லேசாகத் தொட்டார். 'சிர்' என்று எறும்பு தும்முகிற மாதிரி ஒரு சத்தம். செயின் தாவி உட்கார்ந்தது. இன்னொரு தடவை தொட்டார். இன்னொரு தடவை. முகத்தைப் பார்க்க வேண்டுமே! பல் முளைத்த குழந்தை மாதிரி ஒரு சிரிப்பு.

அப்பாடா என்று நினைத்தேன். அதற்குள் மசகிடம் திரும்பிக் கேட்டார்: "இந்தச் சத்தம் ரோட்டுல பின்னாடி வர்றவங்களுக்குக் கேக்குமா?"

"எதுக்கு சார் கேக்கணும்? சத்தமில்லாததுதான இதோட பெருமையே!"

"அப்ப வேணாம்."

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மசகு என்னைப் பார்த்தார். "என்னம்மா, சார் கோவிச்சுக்கிட்டாரா?"

எங்கள் சவாரியில் எப்போதும் இவர் முன்னால், நான் பின்னால். கியரை எப்போது மாற்றுவது என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. அதனால் இவர் கியர் 'டக்' என்றால் நானும் மாற்றிவிடுவேன். இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன். இவருக்குத் தெரியாது என்றல்லவா இருந்தேன்!

வெளியே வந்து பக்கத்தில் நின்றேன். "எப்பத்துலேருந்து தெரியும்?"

"என்னது?"

"நடிக்காதீங்க."

"முதல் மாசத்துலேருந்தே. நான் தப்பா மாத்தினா நீயும் தப்பா மாத்துவே, அதை வெச்சுக் கண்டுபிடிச்சேன்." கொஞ்சம் தயங்கினார். "ஏத்தம் வர்றதுக்கு முன்னாடியே உனக்காக ஒரு கியர் தட்டுவேன். எனக்கு அப்பத் தேவையிருக்காது."

"அதான் பேட்டரி வேணாமா?"

"சத்தம் வரலைன்னா நீ எப்படிம்மா ஏறுவே?"

"போன ஞாயித்துக்கிழமை எப்படி ஏறினேனாம்?"

முழித்தார்.

"பாலத்துல உங்க சத்தம் வரவே இல்லை. காத்திருந்து காத்திருந்து, விழப்போற நேரத்துல நானாவே மாத்திட்டு ஏறினேன். உங்க விரல் விஷயமும் எனக்குத் தெரியும். தேன் பாட்டில் வழுக்குதாம்!"

"நீ எப்பத்துலேருந்து..."

"முதல் மூடியிலேருந்தே."

இருவரும் அந்த நடைபாதையில் நின்று சிரித்த சிரிப்பில் மசகு வாசலுக்கே வந்துவிட்டார். "உள்ள வாங்கய்யா," என்றேன் நானே கடைக்காரி மாதிரி. "இவருக்குப் பேட்டரி கியர் போடுங்க. இவரோட பழைய கியரையும் பின்பக்கப் பற்சக்கரத்தையும் கழட்டி என் சைக்கிள்ல மாட்டுங்க. என்னுது மாத்தினா சத்தமே வர்றதில்ல, முனகுது."

"உங்களுக்கு எதுக்கும்மா சத்தம்?" என்றார் மசகு.

"இனிமே நான் முன்னாடி."

இவர் ஆட்சேபிக்க வாய் திறந்தார். சட்டை மேல் பட்டனை நானே போட்டுவிட்டேன், வாய் மூடிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு நான்தான் முன்னால் போனேன். காற்று முதலில் முகத்தில் அடிப்பது இப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பின்னாலிருந்து ஒரே குறை. "சீக்கிரம் மாத்திட்டே!" "அந்தப் பள்ளத்தை ஏன் சொல்லலே?" "மெதுவாப் போயேன், ஓட்டப்பந்தயமா இது?"

"உங்க பேட்டரிக்கிட்ட கேளுங்க!" என்று திரும்பாமலே கத்தினேன்.

பாலம் தெரிந்தது. ஏற்றம் இன்னும் தொடங்கவில்லை, கால் சுகமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. லீவரை அழுத்தித் தள்ளினேன். டக். எனக்கு அப்போது அது தேவையே இல்லை.