கடைசித் தோட்டத்துக்கு அரிசி

ஜப்பான்காரன் லாரிகளைப் பிடுங்கிக்கொண்டு போனபிறகு, ரந்தா டவுனிலிருந்து எங்கள் பக்கத்து மூன்று ரப்பர் தோட்டங்களுக்கும் ரேஷன் அரிசி கொண்டுவர நஸ்ருதீன் காக்காவின் மாட்டுவண்டிதான் மிச்சம். முதலில் அது ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனித்தனியாகப் போய்த் திரும்பியது. முதல் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சொக்கப்பன் வரைபடம் போட்டு, மூன்றையும் ஒரே சுற்றில் முடிக்க வழி கண்டுபிடித்தார். போன பாதையில் மாடு மறுபடி நடக்க வேண்டாம். நானே பாராட்டினேன்.

நான் மூன்றாவது தோட்டத்துக் கிராணி; வண்டி கடைசியாக வருவது எங்களிடம்தான். அந்த வாரமே எங்களுக்குப் பாதி அரிசிதான் மிஞ்சியது. யாரும் திருடவில்லை. படியைத் தலைதட்டி அளந்தால் மூன்று தோட்டத்துக்கும் சரியாக வரும். பசியோடு நிற்கிற சனத்தின் முன்னால் அரிசி அளந்துபோடுகிற எந்த மண்டோருக்குத் தலைதட்டக் கை வரும்? முதல் இரண்டு தோட்டத்திலும் குவித்தே அளந்துவிட்டார்கள். திட்டு வாங்கியது நான்.

ஆத்திரத்தோடு சொக்கப்பனிடம் போனேன்.

"வழியை மாத்துங்கண்ணே."

"இதைவிடக் குறைஞ்ச தூரம் கிடையாதுலா. மாடு செத்துரும்."

"சரி, இதே சுத்தைத் திருப்பி ஓட்டச் சொல்லுங்க. எங்க தோட்டத்துக்கு மொதல்ல வரட்டும். தூரம் கூடுமா?"

அவர் வரைபடத்தின்மேல் விரலை ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் ஓட்டிப் பார்த்தார்.

"கூடாது," என்றார். பிறகு வரைபடத்தை மெல்லச் சுருட்டினார். "ஆனா, அப்ப எங்க தோட்டம் கடைசியாயிருமே, தம்பி."