பேச்சாயியிடம் வாங்கிய திட்டு

புருஷன் சுருளிவேல் குளியலறையில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நாகஜோதி கொட்டகையிலிருந்த மண்வெட்டியை எடுத்தாள். சேலைக்கு மேல் அவனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டாள். மாத்திரையை விழுங்கினாள். தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

நாலு மாதமாக அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே வேலை ரெஸ்ட். புரட்டாசியில் தூக்கம் போய், சோறு இறங்காமல், எழுந்து குளிக்கவும் தெம்பில்லாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தவளை சுருளிவேல்தான் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினான். டாக்டரம்மா மாத்திரை எழுதினார். அதை விடக் கூடாது, கூடவே நாலு பேரோடு பழக வேண்டும், கைகால் அசைய ஒரு வேலையும் வேண்டும் என்றார். குஜிலியம்பாறை பஸ்ஸில் ஏறுவதற்குள் அவனுக்கு மாத்திரை மட்டும்தான் ஞாபகத்தில் நின்றது. மிச்சத்தை அவனே நிரப்பிக்கொண்டான். தங்கையைச் சமைக்க வரச் சொன்னான். அரிவாள்மனையைப் பரணில் ஏற்றினான். பார்க்க வந்தவர்கள் ஆப்பிளை வைத்துவிட்டு, தூங்குகிற பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசிவிட்டுப் போனார்கள். மாத்திரையால் தூக்கம் வந்தது, பசியும் வந்தது. அதை அவள் மறுக்கவில்லை. பகல்தான் போகமாட்டேன் என்றது. யாரும் அவளிடம் ஒரு சொல் கோபமாகப் பேசவில்லை. அன்பாக இருந்தே ஆளைக் கொன்றுவிடுவார்கள் போலிருந்தது.

ஊருக்குக் கிழக்கே வரத்து வாய்க்காலில் நூறு நாள் வேலை நடந்தது. கல்யாணமான புதிதில் அவளும் போனவள்தான். சுருளிவேல் சிமெண்ட் கடை வைத்த பிறகு வீட்டுக்குக் கௌரவம் வந்து சேர, அந்த வேலை நின்றுபோனது. போன வாரம் யாருக்கும் தெரியாமல், வேலையைப் பார்த்துக்கொள்ளும் தீபாவுக்குப் போன் செய்து பேரைக் கொடுத்திருந்தாள்.

அவளைக் கண்டதும் வாய்க்காலில் பேச்சு நின்றது. "நீ செத்த நேரம் நெழல்ல உக்காருத்தா" என்றாள் ஒருத்தி. இங்கேயும் ரெஸ்டா என்று நாகஜோதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று இறங்கி வெட்டி, மண்ணை மேட்டுப் பக்கமே வீசிக் குவித்தாள்.

"எவடி அவ? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? மேட்டுல கொட்டுனா மொத மழைக்கே மண்ணு திரும்ப உள்ளாற வந்துரும்ல? ஒங்கப்பனா வந்து அள்ளுவான்?"

அப்போதுதான் தண்ணீர் குடித்துவிட்டு வந்த பேச்சாயி. அவள் வாயில் விழாதவர் அந்த ஊரில் கிடையாது. திட்டிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். நாகஜோதி என்று தெரிந்ததும் முகம் செத்துவிட்டது.

"அடி ஆத்தி. நீயாத்தா? தெரியாம வஞ்சுட்டேன். மனசுல வச்சுக்காத."

"ஏன் நிறுத்துன?" என்றாள் நாகஜோதி. "மத்தவளுகளுக்கு இம்புட்டோடயா விடுவ? எனக்கு மட்டும் என்ன கொறச்சல்? திட்டு மதினி."

பேச்சாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முழுசாகத் திட்டினாள். மண்வெட்டி பிடிக்கிற லட்சணத்தில் தொடங்கி, அவள் கல்யாணத்தில் பந்திக்குக் குறைந்துபோன பாயசம் வரைக்கும் போனாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நாகஜோதிக்கு நாலு மாதத்தில் முதல் தடவையாக உடம்பில் உயிர் இருப்பது தெரிந்தது.

கரைமேல் வண்டி வந்து நின்றது. சுருளிவேல் ஈரத் தலையோடு இறங்கினான்.

"ஜோதி, ஏறு வண்டில. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். நாலு மாசமா என்னைய யாரு பாத்தா?"

"திரும்பப் படுத்துட்டீன்னா நா என்ன செய்வேன்?" அவன் குரல் நடுங்கியது.

அந்த நடுக்கம் அவளுக்குப் புரிந்தது. பாவமாகக்கூட இருந்தது. அதற்காக வண்டியில் ஏற முடியாது.

"படுத்தா மறுபடி டாக்டர்ட்ட போவம். மாத்திர போட்டுட்டுதான் வந்துருக்கேன். ஒங்க ரெஸ்டு எனக்கு வேணாம். சாயங்காலம் நானே வாரேன்."

தீபா செல்போனைத் தூக்கிப் பிடித்து, வருகைப் பதிவுக்கு எல்லாரையும் போட்டோவுக்கு வரிசையாக நிற்கச் சொன்னாள். நாகஜோதி முன்வரிசைக்குப் போனாள்.

"அண்ணே, தள்ளுங்க. போட்டோல விழுகுறீங்க" என்றாள் தீபா.

சுருளிவேலுக்கு எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியவில்லை.

"ஏப்பா சிமெண்டு, ஒனக்கும் கண்ணு பொடதியிலயா?" என்றாள் பேச்சாயி. "அங்கிட்டுப் போ."

அவன் அவசரமாக மேட்டுப் பக்கம் காலை வைத்தான். நாகஜோதி வெட்டிப்போட்ட ஈரமண்ணில் கால் கணுக்கால்வரை புதைந்தது. இழுத்தான், கால் மட்டும் வந்தது, செருப்பு வரவில்லை. ஒற்றைக்காலில் நின்றபடி அவளைப் பார்த்தான். அவள் மண்வெட்டியைத் தோளில் சாத்தி, தீபாவின் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.