கூசவில்லை என்றாள் அக்கா

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் என் அக்கா சொன்ன ஓர் எண்: எட்டு.

அக்கா பதினான்கு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறாள். எதற்கும் அவசரப்பட மாட்டாள் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் மெதுவக்கா. அவள் நிறுவனம் ஓட்டுநர்களை ஒரு கண் சோதனைக்கு அனுப்பியது. துணைக்கு நான் போனேன். கதையை முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

இருண்ட அறையில் ஒளி ஒரு வாளைப் போல...

(அடித்துவிட்டேன். ஒளியை வாள் என்று எழுதுகிறவள் எதிரே வண்டி வரும் சாலையில் ஒருநாளும் ஓட்டியிருக்க மாட்டாள்.)

2

நடந்தது இதுதான். ஜன்னல்களை மூடிய நீளமான அறை. ஒரு முனையில் இருக்கையும் ஸ்டீயரிங்கும்; மறுமுனையில் இரண்டு ஹெட்லைட். விளக்கு எரியும்போது ஓட்டுநர் ஓர் எண் சொல்ல வேண்டும். கண் கூச்சம் தாங்கவே முடியவில்லை என்றால் ஒன்று. உறுத்தவே இல்லை என்றால் ஒன்பது.

அக்கா எட்டு என்றாள். வெளிச்சத்தை ஏற்றினார்கள். எட்டு. இன்னும் ஏற்றினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த நான் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தேன். அக்கா அசையாமல், "எட்டு" என்றாள்.

சோதனை நடத்திய பெண் கேட்டார்: "லைட் பக்கத்துல யாராவது நிக்கிறாங்களா?"

"யாரும் இல்லையே."

அவர் வெளிச்சத்தைக் குறைத்தார். விளக்குக்கு இடப்பக்கம் அட்டையில் வெட்டிய ஓர் உருவம் நின்றது. பத்து வயதுப் பிள்ளையின் உயரம்.

"இப்பதானே வெச்சீங்க?"

"இல்லைங்க. ஆரம்பத்துலேருந்து அங்கதான் இருக்கு."

3

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அக்கா பொய் சொன்னாள் என்று முதல் பிரதியில் எழுதினேன். கதைக்கு வசதியான காரணம். அக்கா படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

"நான் எங்கடி பொய் சொன்னேன்?"

"எல்லாத்துக்கும் எட்டுன்னியே."

"எனக்குக் கூசல. கூசினாத்தானே சொல்ல முடியும்? நீதான் லைட் போட்டாலே கத்துவ." பிறகு கேட்டாள்: "அவ்ளோ வெளிச்சத்துலயும் நீ அந்த அட்டையைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

அக்கா தாளை மறுபடி வாங்கி, அட்டை வருகிற இடத்தை இன்னொரு முறை படித்தாள்.

(சோதனை நடத்தியவரைப் பிறகு போனில் கேட்டேன். கண் கூசுவது வேறு, வெளிச்சத்தில் பார்வை மறைவது வேறு என்றார். கூசுகிறது என்று புலம்புகிறவருக்கு ஆள் தெரியலாம். சௌகரியமாக உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் போகலாம். கண்ணில் புரை தொடங்கியிருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்.)

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அக்கா விஷயத்தை மறைத்துவிடுகிறாள். இன்னொன்றில் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு அழுகிறாள். இரண்டும் அவளுக்கு ஒட்டவில்லை.

டாக்டர் புரைதான் என்றார். அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. அதுவரை பகலில் மட்டும் ஓட்டலாம். சோதனை முடிவு நிறுவனத்துக்குப் போக இன்னும் நாலு நாள் இருந்தது. அக்கா காத்திருக்கவில்லை. என் எதிரிலேயே மேலாளருக்குப் போன் போட்டாள்.

"காலை டிரிப் நான் ஓட்டுறேன் சார். சாயங்காலம் வேற ஆளைப் போடுங்க. வர்றப்ப இருட்டிடுது, எதிர் வெளிச்சத்துல எனக்கு ஆள் தெரியல."

"உங்க மேல ஒரு புகார்கூட வந்ததில்லையேம்மா."

"அதான் சார் பயமா இருக்கு."

5

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இந்தப் புரை எப்போ ஆரம்பிச்சிருக்கும்? இத்தனை நாள்ல என் கண்ணுக்குத் தெரியாம எத்தனை பேரு நின்னிருப்பாங்க?"

யாரும் நின்றிருக்க மாட்டார்கள் அக்கா, நீதான் எப்பவும்...

இந்த வாக்கியத்தை இங்கே எழுத்தில் நான் முடிக்கவில்லை. அவளிடம் முடித்துச் சொன்னேன்தான், அவள் நம்பவில்லை. எழுதிக் காட்டினாலும் நம்பப் போவதில்லை, நான் அவள் தங்கை. இதைப் படிக்கிற நீங்கள் அவளுக்கு யாருமில்லை. அதனால் நீங்கள் முடித்துச் சொன்னால் அந்த வார்த்தைக்கு மதிப்பு இருக்கும். அக்கா மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.