நீளக் கயிறு

கண்டியில் மஹ்மூதின் கடைக்குக் குட்டித் தேயிலைக் கொழுந்துக் கூடைகள் வந்து இறங்கும். சுற்றுலா வருகிறவர்கள் வீட்டில் மாட்ட வாங்குவார்கள். விலை எழுதி ஒட்டுவது மூக்காயியின் வேலை. கூடையைத் தொட்டாலே போதும், அவள் மனசு புசல்லாவை மலைக்கு ஏறிவிடும்.

அந்தக் காலத்தில் அங்கே, அவள் வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் ஒரு வழக்கம். பிள்ளைக்குப் பத்து வயசானால் கறுப்பையா கங்காணி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு வருவார். தாயின் கூடைக் கயிற்றைப் பிள்ளையின் தலையில் போட்டுக் கூடையை முதுகில் தொங்கவிடுவார். கூடை முழங்காலுக்கு மேலே நின்றால் கொழுந்து பறிக்கும் வேலைக்குப் பேர் பதிந்தாச்சு. பள்ளிக்கூடமும் அதோடு சரி. கெண்டைக்காலில் இடித்தால் இன்னும் சின்னப்பிள்ளை.

மூக்காயி நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். அப்பன் செத்த வீடு, ஒற்றைச் சம்பளம். "மகளப் பதிஞ்சா வயிறாரக் கஞ்சி குடிக்கலாமே" என்றது லயம். தாய் வேலாயி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கயிற்றுக்கு ஒட்டுப் போட்டு நீட்டி, மண்ணைத் தேய்த்துப் பழசாக்கி வைத்தாள்.

கங்காணி அளந்தபோது கூடை கெண்டைக்காலில் இடித்தது. அடுத்த வருசமும் இடித்தது.

"என்ன வேலாயி, ஊருப் புள்ளைக எல்லாம் வளருது, ஒம் மக மட்டும் குட்டையாவுறா?"

"அவ அப்பன் சாடைங்கய்யா."

"அவன் வாசப்படியில குனிஞ்சுல்ல நொழைவான்!"

லயமே சிரித்தது. கங்காணி கயிற்றை விரலால் நெருடிப் பார்த்தார்.

"சரி. மலையில ஒங்கூடையப் பார்ப்பேன். கயிறு இதே நீளம் இருக்கணும். சுருக்குனா மறுநாளே அவ பேரு விழும்."

வேலாயி சுருக்கவில்லை. கொழுந்து நிறைந்த கூடை, ஏற்றத்தில் ஒவ்வொரு எட்டுக்கும் அவள் முழங்கால் மடிப்பில் இடித்தது. பொழுதுசாய வந்து அடுப்படியில் காலை நீட்டுவாள். விறகுப் புகை, கொதிக்கும் சாயத்தண்ணியின் தேயிலை வாசம். மூக்காயி ஒரு கையால் ஒத்தடம் கொடுத்து, மறு கையில் புத்தகம் பிடித்திருப்பாள்.

"சுருக்கிக் கட்டும்மா. நான் மலைக்குப் போறேன்."

"விடியமுன்ன வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக் களத்துல நிக்கிறதுக்கா ஒன்னைப் பெத்தேன்? சத்தமா வாசி. காலு வலி தெரியாது."

எட்டாம் வகுப்பு முடியும்வரை அப்படித்தான்.

இன்றைக்கு வந்த கூடைகளில் ஒன்றை எடுத்து மூக்காயி கயிற்றை நீட்டிக் கட்டினாள்.

"என்ன மூக்காயி அக்கா இது?" என்றான் மஹ்மூத். "சோடினைக்குச் சுவத்துல மாட்ட வாங்குற சாமான். கயிறு கட்டையா இருந்தாத்தானே வடிவு."

"இது ஒண்ணு கெடக்கட்டும் மொதலாளி."

தான் உட்காரும் கதிரைக்கு மேலே அதை மாட்டினாள். விலை எழுதி ஒட்டவில்லை.